பக்கத்து வீட்டுச் சுவர்

போன வருஷம் தீபாவளிக்கு முன்னால் எங்கள் வீட்டு வரவேற்பறைக்கு ஒரு சப்வூஃபர் செய்தேன். கடையில் வாங்கியது இல்லை. பலகை வெட்டி, பசை தடவி, திருகாணி முடுக்கி நானே செய்தது. அதை எப்படிச் செய்வது என்று சொல்லித்தர இதை எழுதவில்லை. ஆனால் செய்த கதையைக் கொஞ்சம் சொல்லாமல், அதற்குப் பிறகு எனக்கு வந்த கேள்வியைச் சொல்ல முடியாது.

எங்கள் வீடு சுங்கை லாலாங்கில், ஒரு மலிவு விலை தாமானில், வரிசையின் நடுவில் இருக்கிறது. அப்பா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். லயத்தில் வளர்ந்து, கொஞ்ச காலம் பால்மரம் சீவி, தோட்டம் செம்பனைக்கு மாறியபோது லோரி ஓட்டப் போனவர். நான் நிபோங் திபாலில் யுஎஸ்எம் பொறியியல் வளாகத்தில் படித்துவிட்டு, இப்போது கூலிமில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். நாலு நாள் வேலை, நாலு நாள் ஓய்வு. அந்த ஓய்வு நாட்களில்தான் பெட்டி செய்தேன்.

செய்ததற்குக் காரணம் அப்பா. 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. இளையராஜாவோடு சேர்ந்து வளர்ந்த தலைமுறை. ஆனால் அவர்கள் அந்தப் பாட்டுகளைக் கேட்டது சின்ன ரேடியோவில், பிறகு கேசட் பிளேயரில், அதற்குப் பிறகு லோரிக்குள். உள்ளங்கை அகல ஸ்பீக்கரால் பேஸ் கிட்டாரின் அடிநாதத்தைத் தர முடியாது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியை வெறுமனே தட்டினால் வருவது 41 ஹெர்ட்ஸ். சின்ன ஸ்பீக்கர் அதன் மேல் அதிர்வுகளை மட்டும் தரும், மிச்சத்தை மூளை ஊகித்துக்கொள்ளும். நாற்பது வருஷமாக அப்பா ஊகித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். அதை ஒருதடவையாவது முழுசாகக் கேட்கட்டுமே என்று நினைத்தேன்.

சப்வூஃபர் பெரிய ரகசியம் இல்லை. நெவில் தீல் என்ற ஆஸ்திரேலியப் பொறியாளர் 1961-இல் ஒரு கட்டுரை எழுதினார். ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்தில் அதை விரிவாக்கினார். அவர்களால்தான் இன்று என்னை மாதிரி ஆள்கூடச் சில எண்களைக் கணினியில் போட்டு, ஒரு பெட்டி எப்படி ஒலிக்கும் என்று பலகையை வெட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள முடிகிறது. பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங். குழாய்க்குள் நிற்கும் காற்று ஒரு எடை. இரண்டும் சேர்ந்து தமக்கென்று ஓர் அதிர்வெண்ணில் ஆடும். காலி போத்தலின் வாயில் ஊதினால் வரும் சத்தமும் இதே விஷயம்தான். என் கணக்குப்படி 12 அங்குல டிரைவர், 80 லிட்டர் பெட்டி, 30 செண்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டிய நாலு அங்குல பிவிசி குழாய். குழாய் தண்ணீருக்காக வாங்கி மிச்சம் கிடந்தது. மூன்றும் சேர்ந்தால் 28 ஹெர்ட்ஸ்.

முதல் பாட்டைப் போட்டபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டோடு எழுந்து வந்து பெட்டி முன்னால் நின்றார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: “இது இதுக்குள்ளயா இருந்திச்சு?”

நான் வாங்கிய எந்தச் சம்பளத்துக்கும் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

*

எங்களுக்கு இடப்பக்க வீட்டில் பெரியம்மா, பெரியப்பா. சொந்தம் இல்லை. அப்பாவோடு அதே தோட்டத்தில் இருந்தவர்கள். அம்மா அவரை ‘அக்கா’ என்று கூப்பிடுவதால் எங்களுக்குப் பெரியம்மா. பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ரெண்டு வருஷமாகப் படுக்கையில் இருந்தார். அன்றைக்கு இரவு அவரைக் காரில் ஏற்றிச் சுங்கை பட்டாணி மருத்துவமனைக்குக் கொண்டுபோனது நான்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் இது கணக்கில் வரும்.

பெட்டி வந்து நாலு மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் அம்மா கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க அந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். வெங்காயம் உரித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: “அக்கா வீட்ல சாமி படத்தையெல்லாம் செவுத்துல இருந்து எறக்கி வச்சிருக்கு. ஏன்க்கான்னு கேட்டா, காத்துக்கு ஆடுது, விழுந்துரும்னு சொல்லுது.”

அந்தச் சுவர் எங்கள் சுவர். படம் மாட்டியிருந்த ஆணிக்கு இந்தப் பக்கம், மூலையில், என் பெட்டி.

மூடின வீட்டுக்குள் எந்தக் காற்று?

நாலு மாதத்தில் பெரியம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாசலில் பார்த்தால் வழக்கம்போல, “சாப்ட்டியா தம்பி, நைட் வேலையா?” என்றுதான் கேட்டார். எனக்கு முதலில் வந்தது வெட்கம். அடுத்த நிமிஷமே ஒரு வழக்கறிஞர் எனக்குள் எழுந்தார். நான் இரவு பத்து மணிக்கு மேல் போடுவதில்லை. சத்தமாகவும் வைப்பதில்லை. சரி, அளந்து பார்ப்போம்.

வீட்டுக்கு வெளியே, அவர்கள் ஜன்னல் ஓரம் நின்று அளந்தேன். மீட்டர் 41 காட்டியது. ஒரு மோட்டார்சைக்கிள் போனாலே அதைத் தாண்டும். எந்த அதிகாரி வந்து அளந்தாலும் என் மேல் குற்றமில்லை. நிம்மதியாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தேன்.

அந்த நிம்மதி ரொம்ப நேரம் நிற்கவில்லை. ஏனென்றால் அந்த மீட்டர் எப்படி எண்ணுகிறது என்பது எனக்குத் தெரியும். மனிதக் காது எல்லா ஒலியையும் ஒரே மாதிரி கேட்பதில்லை. 1933-இல் பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் இதை வரைபடமாகப் போட்டார்கள். மெல்லிய ஒலியில் நம் காதுக்குத் தாழ்ந்த ஸ்தாயி சரியாகக் கேட்காது. அதனால் மீட்டரும் அதே மாதிரி தாழ்ந்த ஒலியைக் கழித்துவிட்டுக் காட்டும்படி செய்தார்கள். ‘டெசிபல் ஏ’ என்பது அந்தக் கழித்த கணக்கு. நம் நாட்டுச் சுற்றுச்சூழல் துறையின் வழிகாட்டியும் அதைத்தான் பயன்படுத்துகிறது. 31.5 ஹெர்ட்ஸில் அந்தக் கழிவு 39 டெசிபல். அதாவது அங்கே உண்மையில் 80 டெசிபல் இருந்தால் மீட்டர் 41 என்று காட்டும். அந்த அதிர்வெண்ணில் காதுக்கு எட்டும் எல்லை ஏறக்குறைய 60. எண்பது என்றால் காதுக்கும் கேட்கும், நெஞ்சுக்கும் தெரியும், ஆணியில் தொங்கும் கண்ணாடிப் படத்துக்கும் தெரியும்.

மீட்டர் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விக்கு அது பதில் சொன்னது. என்னை விடுதலை செய்யும் கேள்வியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது நான்.

*

அதற்குப் பிறகு ஒழுங்காக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். போடப் போட விஷயம் மோசமானது.

எங்கள் வீட்டின் அகலம் 20 அடி. சுவருக்குச் சுவர் கிட்டத்தட்ட 6 மீட்டர். நம் ஊர்ச் சூட்டில் ஒலி வினாடிக்கு 349 மீட்டர் வேகத்தில் போகும். 6 மீட்டர் அறையில் ஒலி முன்னும் பின்னும் மோதி நின்று ஆடும் முதல் அதிர்வெண் 29 ஹெர்ட்ஸ். நான் பெட்டியை 28-க்கு டியூன் செய்திருந்தேன். ஏறக்குறைய என் வீட்டின் சொந்தச் சுருதிக்கே செய்திருக்கிறேன், அதுவும் தெரியாமல்.

இப்படி அறை ஆடும்போது அழுத்தம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்காது. இரு சுவர்களிலும் உச்சம், நடுவில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. எங்கள் சோபா நடுவில் இருக்கிறது, பின்னால் சமையலறைக்குப் போக வழி வேண்டும் என்பதால். ஆக, நான் உட்கார்ந்த இடத்தில்தான் அந்த ஒலி மிகக் குறைவு. “என்னடா இது, அடி பத்தலையே” என்று நான்தான் திருகைக் கூட்டிக்கொண்டே போனேன். கூட்டியதெல்லாம் சுவருக்குப் போனது.

சுவர் என்றால் நாலரை அங்குலக் கல், இரண்டு பக்கமும் பூச்சு. ஒலியைத் தடுப்பது சுவரின் எடை. அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சுவர் 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. பாடகரின் குரல் சுற்றித் திரியும் 900 ஹெர்ட்ஸ் பக்கம் பார்த்தால், 29-லிருந்து ஐந்து இரட்டிப்பு. அப்படியானால் 30 டெசிபல், ஆற்றலில் ஆயிரம் மடங்கு வித்தியாசம். நிஜச் சுவர் ஏட்டுக்கு அப்படியே அடங்காது என்றாலும் போக்கு இதுதான்: குரலைச் சுவர் நிறுத்திவிடும், அடியை விட்டுவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. வரிசை வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. பெரியம்மா வீடும் 20 அடி. எனவே அந்த அறைக்கும் அதே 29 ஹெர்ட்ஸ்தான் சொந்தச் சுருதி. 29 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் 12 மீட்டர். ஒரு அலையைப் படுக்க வைத்தால் எங்கள் வீடும் அவர்கள் வீடும் சேர்ந்த அகலம். அந்த ஒலிக்கு நடுவில் ஒரு சுவர் இருப்பதும் வீட்டுப் பட்டா இரண்டு பேர் பெயரில் இருப்பதும் தெரியாது.

பெரியப்பாவின் கட்டில் அந்தச் சுவரை ஒட்டிப் போட்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் தம்பியைப் பாட்டுப் போடச் சொல்லிவிட்டு நான் அந்த வீட்டுக்குப் போனேன். பெரியப்பாவைப் பார்க்க வந்த மாதிரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். பாட்டு வந்தது. பாட்டு என்று சொல்ல முடியாது. மெட்டு இல்லை, குரல் இல்லை, வயலின் இல்லை. தும், தும், கொஞ்சம் விட்டு மறுபடியும் தும். அடுத்தது எப்போது வரும் என்று உடம்பு காத்துக்கொண்டே இருந்தது. எந்தப் பாட்டு என்று தெரிந்த எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. பெரியப்பாவுக்குப் பேச்சு வராது. கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் இத்தனை நாள் நினைத்தது, என் பாட்டில் கொஞ்சம் அவர்களுக்கும் கேட்கும் என்று. அப்படி இல்லை. எங்களுக்குப் பாட்டு, அவர்களுக்கு அதன் சக்கை.

*

இது புதுக் கேள்வி இல்லை. 1790-இல் வெளிவந்த நூலொன்றில் காண்ட், இசைக்கு நாகரிகம் போதாது என்று குறைப்பட்டிருக்கிறார். பிடிக்காத ஓவியத்திலிருந்து கண்ணைத் திருப்பிக்கொள்ளலாம். இசையோ வாசனை தடவிய கைக்குட்டையை ஒருவர் உதறுவது போல, கேட்டவர் கேட்காதவர் எல்லார் மூக்கிலும் ஏறும் என்பது அவர் வாதம். காண்டுக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. அவர் வீட்டுப் பக்கம் இருந்த சிறையில் கைதிகள் உரக்கப் பாடிய பிரார்த்தனைப் பாடல்கள் அவரைப் படுத்தி எடுத்தன. நகரத்து மேயர் அவருக்குத் தெரிந்தவர். கடிதம் எழுதி முறையிட்டார்.

எனக்கு இதில் தத்துவத்தைவிட அந்தக் கடிதம்தான் முக்கியமாகப் பட்டது. காண்டுக்குத் தொந்தரவு வந்தால் எழுத ஒரு மேயர் இருந்தார். பெரியம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்?

இன்னொரு பிரபலமான வழக்கு இருக்கிறது. 1879, இங்கிலாந்து. லண்டனில் ஒரு மிட்டாய்க்காரர் இருபது வருஷத்துக்கு மேலாகப் பெரிய உரல்களில் இடித்துக்கொண்டிருந்தார். பின்பக்க வீட்டில் குடியிருந்த மருத்துவர், தோட்டத்துக் கோடியில், அந்த உரல் இருந்த சுவரை ஒட்டி நோயாளிகளைப் பார்க்கும் அறை ஒன்றைக் கட்டினார். இடியின் சத்தத்திலும் அதிர்விலும் வேலை செய்ய முடியவில்லை என்று வழக்குப் போட்டார், ஜெயித்தார். 1960-இல் பொருளாதார அறிஞர் ரொனால்ட் கோஸ் இந்த வழக்கை எடுத்துக்கொண்டு ஒரு விஷயம் சொன்னார். மிட்டாய்க்காரர் மருத்துவருக்குத் தொந்தரவு தந்தார் என்று மட்டும் பார்க்காதீர்கள். உரலை நிறுத்தினால் மருத்துவர் மிட்டாய்க்காரருக்குத் தொந்தரவு தருகிறார். தொல்லை இரண்டு பக்கமும் ஓடுகிறது. பேரம் பேசச் செலவு ஏதும் இல்லையென்றால், யார் பக்கம் உரிமை இருந்தாலும் அவர்களே பேசி ஒரு வழிக்கு வந்துவிடுவார்கள்.

எனக்குள் இருந்த வழக்கறிஞருக்கு இது ரொம்பப் பிடித்தது. ஆமாம், என் பெட்டியை நிறுத்தினால் அப்பாவுக்கு நட்டம். பெரியம்மா வந்து பேசட்டும், பேசி முடித்துக்கொள்ளலாம்.

ஆனால் பெரியம்மா பேச மாட்டார். பேச்சுக்கு ஆகும் செலவைக் கோஸும் கவனிக்காமல் விடவில்லை. நிஜ உலகில் அந்தச் செலவுதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது என்பது அவர் வாதத்தின் மறுபாதி. எங்கள் தாமானில் அந்தச் செலவு பணமாக இருப்பதில்லை. நடுராத்திரியில் புருஷனைத் தூக்கிக் காரில் ஏற்றியவன் நான். “உன் பாட்டைக் குறைப்பா” என்று அவனிடம் எந்த வாயால் சொல்வது? படித்த பையன், தம்பி மகன், நாளைக்கு இன்னொரு ராத்திரி வந்தாலும் இவனைத்தான் கூப்பிட வேண்டும். நான் செய்த உதவியே அவர் வாயை அடைத்திருக்கிறது. எனக்குத் தெரியாமலே அந்த உதவிக்கு நான் வட்டி வாங்கிக்கொண்டிருந்தேன். அந்த வட்டியைக் கட்டத்தான் அவர் சாமி படத்தைக் கழற்றி வைத்தார்.

நாம் நல்லவர்களாக இருக்கிற இடத்தில்தான் நம் தப்பை யாரும் நமக்குச் சொல்ல மாட்டார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கெட்டவன் என்றால் சண்டைக்காவது வந்திருப்பார்கள்.

*

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை.

“லயத்துல எல்லாச் சத்தமும்தான் கேட்டுச்சு. நடுச் செவுரு கூரை வரைக்கும் போவாது. ஒரு கோடியில தும்முனா இன்னொரு கோடியில கேக்கும். புருஷன் பொண்டாட்டி சண்டை, புள்ள அழுவுறது, கெழவன் இருமுறது. யார் போயி யார்ட்ட பெர்மிஷன் கேட்டா? சத்தம் கேக்கலன்னாத்தான் போயிப் பாப்போம், என்னா ஆச்சோன்னு.”

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தோட்டத்தில் அமைதி என்பது மேட்டில் இருந்த துரை பங்களாவுக்குச் சொந்தம். தூரத்தை வைத்துத்தான் அமைதியை வாங்க முடியும், தூரம் லயத்துக்காரர்களிடம் இல்லை. சத்தம் மேலிருந்து கீழே வரும். விடியும் முன்னால் பெரட்டு மணி அடித்தால் எல்லாரும் எழுந்து ஓட வேண்டும். அந்த மணிக்கு எதிராக யாரும் கடிதம் எழுத முடியாது. அப்படி ஒரு வாழ்க்கையிலிருந்து வந்தவர் சொந்த வீட்டில் சொந்தப் பாட்டைச் சத்தமாக வைப்பதில் ஒரு மரியாதை இருக்கிறது. எங்கள் ஆட்கள் கார்களில் பூட் நிறைய ஸ்பீக்கர் வைத்துக்கொண்டு போவதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களுக்கு இது புரியாது. நாங்களும் இங்கே இருக்கிறோம் என்று சொல்ல எங்களுக்குக் கிடைத்த ஒரே மணி அது.

ஆனால் அந்த மணியின் சத்தம் மேட்டு பங்களாவுக்குப் போய்ச் சேர்வதில்லை. பங்களாக்காரர்கள் இன்னும் தூரத்தில்தான் இருக்கிறார்கள். நம் மணி அடிப்பது நம்மோடு அதே லயத்திலிருந்து வந்த பெரியம்மாவின் சுவரில்.

லயத்துச் சத்தத்துக்கும் என் பெட்டிக்கும் இன்னொரு வேறுபாடும் இருந்தது. லயத்தில் எல்லாரும் கேட்டார்கள், எல்லாரும் கேட்கப்பட்டார்கள். இங்கே நான் அவர்கள் வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தேன், அவர்கள் என் வீட்டுக்குள் வரவில்லை. பெரியப்பாவின் முனகல் எங்களுக்குக் கேட்டதே இல்லை. குரலைத்தான் சுவர் நிறுத்திவிடுகிறதே.

இதை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “சரி, என்னா செய்யணுமோ செய்யி” என்றார்.

*

முதலில் பெரியம்மாவிடம் போய்க் கேட்கலாம் என்றுதான் நினைத்தேன். வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும்: “அதெல்லாம் ஒன்னும் இல்லப்பா, நீ வை.” அந்தப் பதிலை வாங்கி வைத்துக்கொண்டால் அது சம்மதம் ஆகிவிடுமா? மறுக்க முடியாதவரிடம் போய் அனுமதி கேட்பது, பாரத்தை இன்னொருமுறை அவர் தலையில் வைப்பது. அனுமதி கேட்பது நல்ல பழக்கம்தான். ஆனால் சில இடங்களில் அது நம் மனசைக் கழுவிக்கொள்ளும் வேலையாகப் போய்விடும்.

சத்தம் போடுகிறவனுக்குத்தான் அது எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளும் கடமை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அடுத்தவர் வந்து சொல்லும்வரை காத்திருப்பது, அந்தக் கடமையை அடுத்தவருக்குத் தள்ளிவிடுவது. எனக்கோ அதை அறியும் படிப்பும் கருவியும் இருந்தன. நான் பயன்படுத்தவில்லை. பயன்படுத்தியபோதும் எனக்குச் சாதகமான பக்கமாகப் பயன்படுத்தினேன்.

செய்த வேலை சின்னதுதான். பெட்டியை மூலையிலிருந்து எடுத்து அறையின் நடுப்பக்கமாக, சோபாவுக்குப் பின்னால் வைத்தேன். நடுவிலிருந்து ஊதினால் அறையின் அந்த 29 ஹெர்ட்ஸ் ஆட்டம் அவ்வளவாகக் கிளம்பாது. குழாயின் வாயைப் பழைய துண்டு ஒன்றால் அடைத்தேன். மிகத் தாழ்ந்த அதிர்வுகள் தளர்ந்துவிட்டன. 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டேன். பேஸ் கிட்டாரின் அடிக்கம்பி 41-இல் தொடங்குகிறது, அப்பாவின் பாட்டுக்கு அது போதும். இழந்தது எல்லாம் சினிமாவில் கட்டடம் இடிந்து விழும் சத்தம். பிறகு தம்பியைப் போடச் சொல்லிவிட்டு, மறுபடியும் பெரியப்பா கட்டிலில் போய் உட்கார்ந்தேன். உற்றுக் கேட்டால் ஏதோ இருந்தது. உற்றுக் கேட்க வேண்டியிருந்தது.

இத்தனை சுலபமாகத் தீரும் விஷயம் நாலு மாதம் தீராமல் இருந்ததற்குத் தொழில்நுட்பம் காரணம் இல்லை. அந்தக் கட்டிலில் நான் போய் உட்காராததுதான் காரணம்.

*

இந்த வருஷம் பெரியப்பா தவறிவிட்டார்.

நான் இரவு வேலை முடித்து வந்து படுத்திருந்தேன். பத்து மணிக்குத் தப்புச் சத்தம் தொடங்கியது. எங்கள் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுதான் அடித்தார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். யாரும் எங்களிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்பாவுக்குக் கோபம் வந்திருக்கும். அந்தத் தப்பு எங்களையும் கூப்பிடத்தான் அடிக்கப்பட்டது.

அப்படியென்றால் கூப்பிடுகிற சத்தம் சரி, கூப்பிடாத சத்தம் தப்பு என்று முடித்துவிடலாமா? அன்று கொஞ்ச நேரம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அடுத்த வரிசையில் ஒரு கைக்குழந்தை இருந்தது. அதன் அம்மாவுக்கு அந்தத் தப்பு என்னவாக இருந்திருக்கும்?

புறநானூற்றின் 194-ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. பக்குடுக்கை நன்கணியார் பாடியது. ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மண முழவு. இப்படி ஒரு உலகத்தைப் படைத்தவனை அவர் கடிந்துகொள்வார். பள்ளியில் படித்தபோது அது நிலையாமை பற்றிய பாட்டு என்று சொல்லித் தந்தார்கள். வரிசை வீட்டில் வளர்ந்தவனுக்கு அதில் வேறொரு கேள்வி. அந்த இரண்டு வீடும் ஒன்றையொன்று கேட்டனவா? மண வீட்டுக்காரர்கள் ஒரு நிமிஷமாவது முழவை நிறுத்தினார்களா? பாட்டு அதைச் சொல்லவில்லை. இரண்டையும் கேட்டவர் என்று நமக்குத் தெரிவது, வெளியே தெருவில் நின்ற கவிஞர் ஒருவரை மட்டும்தான். எந்தச் சத்தத்தையும் பற்றி நியாயமாகப் பேச அந்த இடத்துக்காவது போய் நிற்க வேண்டும் போலிருக்கிறது. அங்கே நின்றாலும் விடை கிடைக்கும் என்று சொல்ல வரவில்லை.

கருமாதி எல்லாம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். வாசலில் பெரியம்மா அப்பாவிடம் கேட்டார்: “என்னாப்பா, இப்பல்லாம் பாட்டே போடறதில்ல போல? சத்தமே காணோம்.”

“போடறோமேக்கா. மெதுவா வச்சிருக்கான்.”

“ஓ. முன்னெல்லாம் பக்கத்துல ஆள் இருக்கிற மாதிரி இருக்கும்.”

நான் காரைக் கழுவிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த துணியோடு அப்படியே நின்றேன். அவர் மரியாதைக்குச் சொல்கிறாரா, உண்மையாகவே சொல்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்து எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. துண்டை எடுத்துவிட்டுக் கொஞ்சம் கூட்டி வைக்கலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். அப்புறம் அம்மாவைவிட்டு அவரை வீட்டுக்குக் கூப்பிடச் சொன்னேன்.

பெரியம்மா வந்து சோபாவில் உட்கார்ந்தார். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அப்பா வழக்கமாகப் போடும் பாட்டைப் போட்டேன். பல்லவி முடிந்து சரணம் தொடங்கும் வரை கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இந்தப் பாட்டா தம்பி அது?”